பாராசூட்டுக்குப் பதில் பஞ்சு மெத்தையா? நம் கிளைடர் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் சுற்றறிக்கை என் கைபேசிக்கு வந்தது. இன்ஜின் இல்லாத நம் கிளைடர்களில் ஏறும்போது முதுகில் கட்டும் குழுவின் ஐந்து அவசரகாலப் பாராசூட்டுகளும் கழிக்கப்படும். வரும் பருவத்திலிருந்து வேண்டுமென்பவர்கள் சொந்தமாக வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அது இருந்த இடத்தில் முதுகுக்குப் பஞ்சு மெத்தை வைக்கப்படும். வண்ணாரப்பேட்டையில் மெத்தைக்கு ஆர்டரும் கொடுத்தாயிற்று. மொத்தம் பதினோரு வரி. யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள் என்பது அந்தப் பதினோரு வரியில் இல்லை.

ஐந்தையும் கழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை முதலில் சொன்னவனே நான்தான். கழித்த இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதில்தான் சண்டை.

மாசி மாதம் நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் குழுவின் பதிவேட்டில் அது இல்லை. நான் ஒற்றை இருக்கைக் கிளைடரில் நாலாயிரம் அடியில் ஒரு தெர்மலில், அதாவது வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றில், சுற்றிக்கொண்டிருந்தேன். கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டு ஏறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பருந்துகள் ஒன்றையொன்று இடிப்பதில்லை என்றும் நினைத்திருந்தேன். நம் இரட்டை இருக்கைக் கிளைடர் அதே தெர்மலுக்குள் எனக்குக் கீழிருந்து, என் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக ஏறி வந்தது. நான் பார்த்தபோது நாற்பது மீட்டர் இருந்திருக்கும். முன் இருக்கையில் இருந்த வியாசர்பாடிப் பெண் போட்டிருந்த தொப்பியில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. நான் வெளிப்பக்கம் சாய்த்தேன், பயிற்சியாளர் உள்பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். யாரும் கத்தக்கூட இல்லை.

இறங்கிய பிறகு கை நடுங்குவது நின்றதும் என் பாராசூட்டின் பையிலிருந்த மடிப்பு அட்டையை எடுத்துப் பார்த்தேன். பறப்பதற்கு முன் பார்க்க வேண்டிய அட்டை. பறந்த பிறகு பார்த்தேன், அது என் தப்பு. கடைசியாக மடித்த வருடம் 2019.

அமெரிக்காவில் நைலான் பாராசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, சோதித்து, திரும்ப மடித்தால்தான் அணியலாம். 2008 வரை அது 120 நாளாக இருந்தது. பட்டுப் போன்ற இயற்கை நூலில் செய்ததென்றால் 60 நாள்தான். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "பட்டுப்புடவையையே நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பு மாத்தி வைக்கிறேன், மடிப்புலயே இத்துப்போயிடும்னு. உசுரு காப்பாத்துற துணிக்கு அதுகூடவா பண்ணல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் ஐந்து மாதம் நச்சரித்தேன். கடைசியில் "நீயே பிரித்துப் பார்" என்றீர்கள்.

ஆடி மாதம். கல்யாணம் இல்லாததால் தண்டையார்பேட்டையில் தெரிந்தவர் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைச் சும்மாவே கொடுத்தார். பாராசூட்டைக் குடையும் கயிறுமாக நீட்டிப் போட எட்டு ஒன்பது மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். பந்தி மேஜைகளை ஒட்டிப்போட்டு, இலைக்கு அடியில் விரிக்கிற காகிதச் சுருளை அதன்மேல் ஓட்டினோம். விமானப்படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பெரம்பூரிலிருந்து வந்திருந்தார். நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

முதலில் கைப்பிடியை இழுத்துப் பார்த்தோம். ரிப்கார்டை, அதாவது பையை மூடியிருக்கும் ஊசியை உருவுகிற அந்தக் கைப்பிடிக் கயிற்றை, இழுக்கத் தேவைப்படும் விசை 22 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது தரச்சான்று விதி, அதாவது சுமார் 10 கிலோ. எங்களிடம் அதற்கான கருவி இல்லை. காசிமேட்டிலிருந்து மீன் நிறுக்கிற கொக்கித் தராசு கொண்டுபோயிருந்தேன். கைப்பிடியில் கொக்கியை மாட்டி என் மச்சான் இழுத்தான். பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பதினேழில்தான் ஊசி கழன்றது. ஊசியைப் பார்த்தால் லேசாக வளைந்து, பச்சை பிடித்திருந்தது. நிலத்தில், இரண்டு கால் ஊன்றி நின்று, ஒரு ஆண்பிள்ளைக்கு அந்தப் பாடு. சுழன்று விழுகிற ஒருவருக்கு?

இரண்டாவதில் கயிற்றுச் சுருளைப் பிடித்திருந்த ரப்பர் வளையங்கள் தொட்டதும் நொறுங்கின. மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய அதே கதை. ஐந்தாவது பையைத் திறந்ததும் பெரியவர் மூக்கைச் சுளித்தார். குடைத் துணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்: புரோமோகிரெசால் பச்சை, கல்லூரி வேதியியல் கூடத்தில் இருக்குமே, அதேதான். இரண்டு சொட்டு விட்டார். நீலமாக இருந்தது மஞ்சளாக மாறியது. மஞ்சள் என்றால் அமிலம். அப்புறம் அந்த இடத்தை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து இழுத்தார். பழைய வேட்டி கிழிகிற சத்தம் கேட்டது.

"பேட்டரி பக்கத்துல வெச்சிருந்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

வைத்திருந்தோம். பொருள் வைக்கும் அறையில், கிளைடர்களின் ஈய அமில பேட்டரிகளைச் சார்ஜ் போடும் பலகைக்கு நேர் கீழ்த் தட்டில்தான் ஐந்து பாராசூட்டும் இருந்தன. நைலானுக்கு அமிலம் எமன். 1980களில் அமெரிக்காவில் ஒரு தலைமுறை வட்டக் குடைகளே இப்படித்தான் சந்தேகத்துக்குள்ளாயின. குடையில் தைத்திருந்த வலைத்துணியில் அமிலம் இருந்து பக்கத்து நைலானை அரித்தது. அந்தச் சோதனைச் சொட்டு பரவலானதே அப்போதுதான். அங்கே அது தயாரிப்பில் வந்த கோளாறு. இங்கே நாமே செய்துகொண்டது. அந்த அறையின் சாவி முறை வைத்து எல்லோரிடமும் இருந்திருக்கிறது, என்னிடமும் எட்டு மாதம் இருந்தது. வலை பின்னுகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். நைலான் வலையை வெயிலில் போட்டால் செத்துப்போகும் என்று எங்கள் தாத்தா கத்துவதைக் கேட்டு வளர்ந்துவிட்டு, பாராசூட்டை பேட்டரிக்குக் கீழே பார்த்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன்.

பெரியவர் எதையும் திரும்ப மடிக்க மறுத்துவிட்டார். "மடிச்சு வெச்சா யாராவது நம்பிக் கட்டிக்குவாங்க" என்றார்.

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் சுமை கட்டும் வேலை பார்த்திருக்கிறேன். எங்களை ரிக்கர் என்பார்கள். பாராசூட் மடிப்பவருக்கும் அமெரிக்காவில் அதே பெயர்தான் என்று பெரியவர் சொல்லித்தான் தெரியும். துறைமுகத்தில் சுமை தூக்கும் பெல்ட் ஸ்லிங்கில் எடை போட்ட டேக் கிழிந்துபோயிருந்தால், பெல்ட் புதுசாகவே இருந்தாலும், அதைக் கொண்டு ஒரு மூட்டையைக்கூடத் தூக்க விடமாட்டோம். வெட்டிப் போட்டுவிடுவோம், வேறு ஷிப்டில் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று. பிறகு புது ஸ்லிங் வரும். "ஸ்லிங் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் கையால் தூக்குங்கள்" என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. உங்கள் சுற்றறிக்கை சொல்வது அதைத்தான்.

சரி, நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

எடை. ஒரு பாராசூட் ஏழு கிலோ, இரட்டை இருக்கையில் பதினான்கு கிலோ மிச்சம் என்கிறீர்கள். நம் இரட்டை இருக்கையின் காக்பிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள்: முன் இருக்கையில் பாராசூட்டோடு சேர்த்துக் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். அந்த வியாசர்பாடிப் பெண்ணின் எடை 49. பாராசூட்டோடு 56 வருகிறது. பாராசூட்டை எடுத்துவிட்டால் அவள் தகட்டுக்குக் கீழே போய்விடுவாள், கிளைடரின் எடை வால்பக்கம் ஓடிவிடும், கிளைடர் சுழன்று விழ ஆரம்பித்தால் மீட்பது கடினம். ஆக, ஏழு கிலோ பாராசூட்டை இறக்கிவிட்டு ஏழு கிலோ ஈயக்கட்டியை ஏற்றுவோம். ஈயக்கட்டி விரியாது.

மெத்தை. இதில்தான் எனக்கு அதிகக் கோபம். நம் கிளைடர்களின் இருக்கைக் குழி, முதுகில் பாராசூட் இருக்கும் என்று வைத்து வார்க்கப்பட்டது. அதை எடுத்தால் ஆள் பின்னால் போய்விடுவார், கால் பெடலுக்கு எட்டாது, அதனால்தான் மெத்தை, புரிகிறது. ஆனால் பஞ்சு அமுங்கும். தரையிலிருக்கும் வின்ச் எந்திரம் கேபிளால் கிளைடரை இழுத்து மேலே ஏற்றும்போது முதுகு எப்படிப் பின்னால் அழுந்தும் என்று உங்களுக்கே தெரியும். மூக்கு வானத்தைப் பார்க்கும் அந்த நொடியில் மெத்தை நாலு அங்குலம் அமுங்கினால் விமானி கட்டுப்பாட்டுக் கோலை விட்டுப் பின்னால் சரிவார், அல்லது கோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சரிவார். இரண்டில் எது நடந்தாலும் ஐந்நூறு அடிக்குக் கீழே பேச்சுக்கு இடமில்லை. அமுங்கும் மெத்தையை முதுகுக்கு வைக்காதீர்கள் என்பது கிளைடர் பயிற்சியில் பல நாடுகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம். உட்காரும் இடத்திலும் அப்படித்தான்: தரை தட்டி இறங்கும்போது மிருதுவான பஞ்சு அடியை வாங்கிக்கொள்வதில்லை, அமுங்கித் தீர்ந்து, பிறகு மொத்தமாக முதுகெலும்புக்குக் கொடுக்கிறது. அதற்கென்று மெதுவாக மட்டுமே அமுங்கும் தனி நுரை இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் தைக்கிற கல்யாணச் சீர் மெத்தை அது இல்லை. மெத்தைக்காரர் மேல் குறை சொல்லவில்லை, அவர் தூங்குவதற்குத் தைக்கிறார்.

உயரம். "நாம் பெரும்பாலும் வின்ச் உயரத்தில்தான் பறக்கிறோம், அங்கிருந்து குதிக்க நேரம் ஏது" என்கிறீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். கைப்பிடியை இழுத்தால் நல்ல குடை மூன்று விநாடி அளவில் விரிந்துவிடும். நேரத்தைத் தின்பது காக்பிட்டிலிருந்து வெளியே வருவதுதான். மூடியைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று, வெளியே விழு, இழு. புரட்டாசியில் நின்றிருந்த கிளைடரில் உட்கார்ந்து கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை 14 விநாடி. எனக்கு வயது 54, முட்டி வலி வேறு. உடைந்த கிளைடர் விநாடிக்கு 40 மீட்டர் இறங்குகிறது என்று வைத்தால் 14 விநாடிக்கு 560 மீட்டர் போச்சு. இருபது தடவை பழகிய பிறகு 8 விநாடிக்கு வந்தேன், அது 320 மீட்டர். அந்த 240 மீட்டரைப் பழக்கம் மட்டுமே சம்பாதித்துக் கொடுத்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். முதல் மூன்று தடவையும் பெல்ட்டோடு சேர்த்துப் பாராசூட் வாரையும் பழக்கதோஷத்தில் கழற்றிவிட்டேன்! ஒவ்வொரு முறை இறங்கியதும் பாராசூட்டை இருக்கையிலேயே கழற்றி வைத்துவிட்டு எழுந்து வருகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கை அதைத்தான் கற்று வைத்திருக்கிறது. மேலே போய் அதே கை அதையே செய்யும். பாராசூட்டைக் கட்டியபடியே இறங்கி, வெளியே நின்று கழற்றுவதுதான் சரியான முறை.

மேலும், மாசி மாதம் நான் இருந்தது நாலாயிரம் அடியில். தெர்மல் கிடைத்தவர்கள் யாரும் வின்ச் உயரத்தில் நிற்பதில்லை, அதற்காகத்தானே இந்த விளையாட்டுக்கே வருகிறோம். கிளைடரிலிருந்து குதிக்க நேர்கிற சந்தர்ப்பங்களில் முக்கியமானது நடுவானில் மோதல், அதுவும் ஒரே தெர்மலில். கிளைடர் தானாக உடையாது என்று செயலாளர் ஒருமுறை சொன்னார். 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் எல்-13 பிளானிக் ரகக் கிளைடர் ஒன்றின் இறக்கை உலோகச் சோர்வால் பறக்கும்போதே முறிந்தது. பல நாடுகளில் பல்லாண்டு பயிற்சிக்கு ஓடிய ரகம் அது. அந்த விபத்துக்குப் பிறகு உலகம் முழுக்க அந்த ரகத்தையே தரையில் நிறுத்தினார்கள்.

பணம். பதினாறு உறுப்பினர், ஒரு பாராசூட் மூன்று லட்சம், மொத்தம் 48 லட்சம் என்று கணக்குப் போட்டு, முடியாது என்று எழுதிவிட்டீர்கள். நம்மிடம் இருப்பது இரண்டு கிளைடர். ஒன்றில் இருவர், மற்றதில் ஒருவர். ஒரே நேரத்தில் மேலே இருக்கக்கூடியது மூன்று பேர். வாரை ஆளுக்குத் தகுந்தபடி இறுக்கித் தளர்த்திக்கொள்ளலாம், வியர்வை ஈரம் காய நிழலில் தொங்கவிட்டால் போதும். மூன்று பாராசூட், 9 லட்சம். பதினாறால் வகுத்தால் ஆளுக்கு 56,250 ரூபாய். இரண்டு பருவத்தில் கட்டலாம். ஆண்டுவிழாச் சாப்பாட்டை ஒரு வருடம் நிறுத்தினால் இன்னும் குறையும். அந்தப் பிரியாணி ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை.

எதை வாங்குவது என்பதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ராக்கெட் வைத்து மொத்த விமானத்தையே இறக்குகிற பாராசூட் உண்டு. அது கிளைடரை வடிவமைக்கும்போதே இடம் விட வேண்டிய சமாச்சாரம், நம் பழைய கிளைடர்களில் பொருத்த முடியாது. இருக்கைக்கு அடியிலிருந்து காற்றுப்பை உப்பி விமானியைக் காக்பிட் விளிம்புவரை தூக்கிவிடுகிற நோவா என்ற ஏற்பாட்டை ஜெர்மனியில் டிஜி நிறுவனம் கொண்டுவந்தது. என் முட்டிக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனால் நம் கிளைடர்கள் அந்த ரகம் இல்லை. மிச்சம் இருப்பது முதுகில் கட்டும் வட்டக்குடைதான். அதில் விநாடிக்கு ஐந்தரை மீட்டரில் இறங்கினால் ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதித்த மாதிரி இருக்கும். கால் பிசகலாம், ஆள் இருப்பார்.

பயிற்சி மாணவர்களுக்கு ஸ்டாட்டிக் லைன் உள்ளதாக வாங்கலாம். பாராசூட்டிலிருந்து வரும் பட்டையின் நுனியைக் கிளைடரில் மாட்டிவிட்டால், ஆள் வெளியே விழுந்ததும் அதுவே இழுத்துத் திறந்துவிடும், பதற்றத்தில் கைப்பிடியைத் தேட வேண்டாம். ஜெர்மனியில் கிளப்புகளில் இது சகஜம். குறையும் இருக்கிறது: சாதாரணமாக இறங்கும்போது கொக்கியைக் கழற்ற மறந்தால் மைதானத்திலேயே விரிந்து மானம் போகும், மடிப்புச் செலவும் தண்டம். அந்தச் செலவு பரவாயில்லை.

மடிப்பது யார் என்று கேட்பீர்கள். பெரியவர் சொல்லித்தரத் தயாராக இருக்கிறார். கான்பூரின் பழைய பாராசூட் தொழிற்சாலை 2021லிருந்து கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பெயரில் இயங்குகிறது. பெயர் கிளைடர், செய்வது பாராசூட்! அங்கே ஒரு கடிதம் எழுதி, நம்மைப் போன்றவர்களுக்குச் சோதனைக்கோ பயிற்சிக்கோ வழி உண்டா என்று கேட்பதில் என்ன நஷ்டம்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மெத்தை ஆர்டரை இந்த வாரமே ரத்து செய்யுங்கள். முன்பணம் போனால் நான் கொடுக்கிறேன். பாராசூட் விருப்பம் என்ற வரியைத் திரும்பப் பெற்று, மூன்று புது பாராசூட் வரும்வரை இரண்டு கிளைடரையும் ஒரே நேரத்தில் மேலே அனுப்புவதில்லை என்று எழுதிக் கொடுங்கள். பழையதை யாரும் பழக்கத்தில் மாட்டிக்கொள்ளாதபடி வாரை அறுத்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், மடிப்பு அட்டை இல்லாததையும் தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் முடிந்ததையும் தொடவே வேண்டாம். லேபிளில் போட்ட எடைக்குள் நம் ஆட்கள் வருகிறார்களா என்று பாருங்கள். பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவரை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

180 நாளுக்கு ஒருமுறை மடிப்பு. அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் யாரையும் காக்பிட்டில் ஏற்றக் கூடாது, என்னையும் சேர்த்து. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் கடிகாரம் வைத்து வெளியேறும் பயிற்சி. மடிப்பு வேலை கற்க இரண்டு இளைஞர்களைப் பெரியவரிடம் அனுப்புங்கள். அந்த வியாசர்பாடிப் பெண் ஏற்கனவே என்னிடம் கேட்டுவிட்டாள். மாசி மாதச் சம்பவத்தைப் பதிவேட்டில் ஏற்றுங்கள், நானும் பயிற்சியாளரும் கையெழுத்திடுகிறோம். இதையெல்லாம் பேச வரும் கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுப்பினர் எல்லோரையும் அழைத்துக் கூட்டம் போடுங்கள்.

பேட்டரி சார்ஜர் மட்டும் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. இந்த மாதம் சாவி செயலாளரிடம் இருக்கிறது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அறை வாசலில் நிற்பேன். வந்து திறந்துவிடுங்கள், பலகையை நானே தூக்கி வெளியே வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு குழு உறுப்பினர்